ஓக்கிச்சோபி ஏரியில் கைடு வைத்து பாஸ் மீன் பிடிக்க: பிப்ரவரியில் மூன்று பேர், எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

அட்லாண்டாவாசி:

பிப்ரவரி கடைசி வாரம் புளோரிடாவின் ஓக்கிச்சோபி ஏரிக்கு பாஸ் பிடிக்கப் போகிறோம். நான், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா (68), மகன் (11). அப்பாவுக்குக் குளத்தில் மூங்கில் கழி, தக்கை, மண்புழு வைத்துப் பிடித்த பழக்கம் உண்டு, விராலுக்கு உயிர்க்கெண்டை மாட்டத் தெரியும். ஆனால் ரீல் (நரம்பு சுற்றும் உருளை) வைத்து வீசியதில்லை, முழங்கால் வலியும் உண்டு. மகனுக்கு ஸ்பின்னிங் ரீல் வரும். கிளூவிஸ்டனில் மூன்று இரவு தங்குகிறோம்.

1. அரை நாளா, முழு நாளா? மூன்று பேரும் ஒரே படகில் போகலாமா?
2. உயிர் இரையா, லூரா (செயற்கை இரை)?
3. கைடிடம் முன்கூட்டியே என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும்? மொத்தச் செலவு எவ்வளவு ஆகும்?
4. லைசன்ஸ் கைடே பார்த்துக்கொள்வாரா?

கோரைக்கரை:

நாலாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், பலர் அதில்தான் தவறுகிறார்கள். கடலில் சார்ட்டர் படகில் (வாடகைக்கு மீன்பிடிக்க அழைத்துப்போவது) போனால் படகின் லைசன்சே பயணிகளுக்கும் செல்லும். நன்னீரில் அப்படி இல்லை. கைடு இருந்தாலும் ஒவ்வொருவரும் சொந்தமாக நன்னீர் லைசன்ஸ் வாங்கியாக வேண்டும். வெளிமாநிலத்தவருக்கு 3 நாள் லைசன்ஸ் 17 டாலர், 7 நாள் 30 டாலர், ஓராண்டு 47 டாலர். இணையத்தில் வாங்கினால் கொஞ்சம் சேவைக் கட்டணம் சேரும். 16 வயதுக்குக் கீழே வேண்டியதில்லை, ஆகவே மகனுக்குத் தேவையில்லை. 65 வயதுக்கு மேல் விலக்கு என்று எங்காவது படித்திருப்பீர்கள், அது புளோரிடாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். அப்பாவுக்கும் உங்களுக்கும் தலா 17 டாலர். முந்தின நாள் இரவே வாங்கி போனில் சேமித்து வையுங்கள், ஏரிக்குள் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது.

படகு விஷயம். இங்கே பெரும்பாலான கைடுகள் ஓட்டுவது 20, 21 அடி பாஸ் படகு. லூர் வீச இரண்டு பேர்தான் சரி. மூன்றாவது ஆள் இருந்தால் வீசும்போது முள் யார் தோளில் மாட்டும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உயிர் இரைப் பயணம் என்றால் படகு ஒரே இடத்தில் நிற்கும், யாரும் வேகமாக வீச மாட்டார்கள், அதனால் மூன்று பேரை ஏற்றுவார்கள். "நாங்கள் மூன்று பேர், ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவர் சிறுவன்" என்று முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். அகலமான பே (விரிகுடா) படகு வைத்திருக்கும் கைடு கிடைத்தால் அப்பாவுக்கு ஏறி இறங்க எளிது. பாஸ் படகின் மேல்தளத்துக்கு ஓர் உயரமான படி ஏற வேண்டும், பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருக்காது.

அரை நாள் போதும். 4 மணி நேரத்துக்குச் சுமார் 350 முதல் 450 டாலர், 6 மணி நேரத்துக்கு 450 முதல் 550 டாலர் கேட்பார்கள். இது படகுக் கணக்கு, தலைக்கணக்கு இல்லை. மூன்றாவது ஆளுக்குத் தனியாகக் கேட்பவர்களும் உண்டு. இரை இதில் சேராது. காட்டு ஷைனர் (ஏரியில் பிடித்த சிறு இரைமீன்) டஜன் 20 முதல் 30 டாலர் வரும், அரை நாளுக்கு மூன்று டஜன் வேண்டும். டிப்ஸ் 15 முதல் 20 சதவீதம். 4 மணி நேரப் பயணத்துக்கு எல்லாம் சேர்த்துச் சுமார் 550, 600 டாலர் எடுத்து வையுங்கள். முழு நாள் வேண்டாம் என்பதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. இந்தப் படகுகளில் கழிவறை கிடையாது, நிழலும் கிடையாது. 68 வயதில் எட்டு மணி நேரம் அப்படி உட்காருவது கஷ்டம்.

கைடிடம் கேட்க வேண்டியவை: அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கேப்டன் உரிமம் இருக்கிறதா (இது படகுப் போக்குவரத்துக்கு உரிய நீர்வழி, காசு வாங்கிக்கொண்டு ஆளை ஏற்ற அந்த உரிமம் அவசியம்), காப்பீடு உண்டா, 11 வயதுக்குச் சரியான அளவில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, எந்தப் படகுத்துறையில் சந்திப்பது, காற்றால் ரத்தானால் முன்பணம் திரும்புமா அல்லது தேதி மாற்றுவாரா. கடைசிக் கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்பதை வைத்தே ஆளை எடை போடலாம். "எந்தக் காற்றிலும் போவோம்" என்று ஒருவர் சொன்னால் அவரை விட்டுவிடுங்கள். பத்து பவுண்டு மீனுக்கு உத்தரவாதம் தருகிறவரையும் விட்டுவிடுங்கள்.

ஏன் காற்றைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஏரி சுமார் 730 சதுர மைல், சராசரி ஆழம் 9 அடிதான். இத்தனை பரப்பில் இவ்வளவு ஆழமில்லாத தண்ணீர் இருந்தால், 15 மைல் வேகக் காற்றுக்கே அடிமண் கலங்கி மேலே வரும், அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். கிளூவிஸ்டன் தென்மேற்குக் கரையில் இருக்கிறது, வடகிழக்குக் காற்று நேரே அங்கேதான் மோதும். அதனால் மூன்று இரவு தங்குகிறீர்கள் என்றால் முதல் காலையில் பயணத்தை வையுங்கள், அடுத்த காலையை மாற்று நாளாகக் காலியாக விடுங்கள். மயாமி தேசிய வானிலை அலுவலகத்தின் கடல் முன்னறிவிப்பில் ஓக்கிச்சோபி ஏரிக்கென்றே தனிப் பகுதி உண்டு, காற்றும் அலையும் அதில் வரும். நகர முன்னறிவிப்பை நம்பாதீர்கள்.

தக்கை:

உங்கள் கூட்டத்துக்கு உயிர் இரைதான், யோசிக்கவே வேண்டாம். அதிலும் காட்டு ஷைனர். பண்ணையில் வளர்த்ததைக் கொடுத்தால் மலிவாக முடியும், ஆனால் அது எதிரியைப் பார்த்து வளர்ந்த மீன் இல்லை, பாஸ் பக்கத்தில் வந்தாலும் பேசாமல் நிற்கும். ஏரியில் பிடித்தது துடித்து ஓடும். அந்த ஓட்டம்தான் பெரிய பாஸைக் கிளப்புகிறது. அப்பாவுக்குச் சொல்வதென்றால், ஷைனர் நம் கெண்டைக் குடும்பம்தான், ஆறு எட்டு அங்குலம், பொன் நிறச் செதில். விராலுக்கு உயிர்க்கெண்டை மாட்டுவதன் பெரிய வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அமைப்பு இப்படி இருக்கும்: ஏழு, ஏழரை அடி கனமான ராடு (தூண்டில் கழி), 50 முதல் 65 பவுண்டு பிரெய்டு (பின்னிய) நரம்பு, 4/0 அல்லது 5/0 அளவுப் பெரிய முள், அதன் வாயில் புல் மாட்டாமல் தடுக்கும் மெல்லிய கம்பி, முள்ளுக்கு இரண்டு மூன்று அடி மேலே தக்கை. ஈயம் தேவையில்லை. முள்ளைக் குத்தும் இடத்தைப் பொறுத்து ஷைனர் போகும் திசை மாறும். கீழுதட்டிலிருந்து மேலுதட்டுக்கு ஏற்றினால் படகை மெதுவாக நகர்த்தியபடி இழுத்துப் போகலாம். பின்பக்க அடித்துடுப்பருகே குத்தினால், நரம்பை லேசாகப் பிடித்தாலே அது நம்மைவிட்டு விலகி ஆகாயத்தாமரைக்கு அடியில் நீந்திப் போகும். பாஸ் இருப்பதும் அங்கேதான்.

கைடு படகைக் கோரை விளிம்பிலிருந்து ஒரு வீச்சுத் தூரத்தில் ஊன்றுகோல் இறக்கி நிறுத்துவார். அப்பா தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், அது அவர் ஏற்கெனவே கற்ற வேலை. என்ன தெரியும் என்றால்: முதலில் தக்கை ஒரே சீராக மெல்ல நகரும். பிறகு திடீரென்று நடுங்கும், பக்கவாட்டில் இழுபடும், சில சமயம் ஷைனர் தண்ணீருக்கு மேலேயே துள்ளி விழும். கீழே பாஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். இன்னும் கடிக்கவில்லை, கை வைக்கக் கூடாது. அப்புறம் "டப்" என்று ஒரு சத்தம், தக்கை இருந்த இடத்தில் சுழி மட்டும் இருக்கும்.

குளத்துப் பழக்கக்காரர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். தக்கை அமுங்கிய உடனே மேலே சுண்டுவது நம் கை வழக்கம். இங்கே நரம்பில் பத்தடி தொய்வு இருக்கும், சுண்டினால் அந்தத் தொய்வுதான் நிமிரும், முள் குத்தாது, ஷைனர் மட்டும் பிய்ந்து வரும். ராடு நுனியைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்துங்கள், வேகமாகச் சுற்றுங்கள், மீனின் எடை கையில் தெரிந்ததும் இழுங்கள். வட்ட முள் போட்டிருந்தால் இழுக்கவும் வேண்டாம், சுற்றிக்கொண்டே இருந்தால் வாயோரத்தில் தானாக மாட்டும். பையனுக்கும் அப்பாவுக்கும் வட்ட முள் போடச் சொல்லிக் கேளுங்கள். நேரம் தாழ்ந்தாலும் மீன் முள்ளை விழுங்குவது குறைவு, தொண்டையில் குத்திய மீன் பிழைப்பது சந்தேகம்.

இன்னொன்று, டிராக், அதாவது மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடி. இறுக்கமாக இருக்க வேண்டும். தளர்வாக விட்டால் மீன் இரண்டே நொடியில் செடிக்குள் புகுந்து நரம்பைத் தண்டுகளில் சுற்றிவிடும். அப்படிப் புகுந்துவிட்டால் ராடை வளைத்து மல்லுக்கட்ட வேண்டாம், தொய்வு மட்டும் விடாமல் பிடித்திருங்கள், கைடு படகை மீனிடம் ஓட்டிப் போய்க் கையால் செடியை விலக்கி எடுப்பார்.

தக்கை பத்து நிமிடமாக அசையவே இல்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, ஷைனர் செடிமேல் ஏறிப் படுத்திருக்கும், லேசாக இழுத்து இறக்கி விடுங்கள். இரண்டு, களைத்துப் போயிருக்கும், மாற்றுங்கள். வாயில் மாட்டிய இரையைத் திரும்பத் திரும்ப வீசினால் ஐந்தாவது வீச்சில் அது செத்த இரைதான். ஊசல் மாதிரி மெதுவாகத் தள்ளி விடுங்கள், அடித்து வீசாதீர்கள். அரை மணி நேரத்தில் ஒரு கடியும் இல்லையென்றால் இடம் மாறத்தான் வேண்டும், நல்ல கைடு நீங்கள் கேட்குமுன் மாறுவார்.

அட்லாண்டாவாசி:

மிக்க நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன், தக்கை நடுங்கும் இடத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னார். மூன்று சந்தேகங்கள். குளிர்முகப்பு (குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு) வந்தால் மீனே கடிக்காது என்கிறார்களே, உண்மையா? ஒரு மணி நேரமாவது நான் லூர் வீச ஆசைப்படுகிறேன், எதை எடுத்து வரலாம்? அப்புறம், குழம்புக்கு இரண்டு மீன் கொண்டுவரலாமா என்று அம்மா போனில் கேட்கிறார்.

ஈயக்குண்டு:

குளிர்முகப்பு பற்றி: உண்மைதான், ஆனால் "கடிக்காது" என்பதைவிட "இடம் மாறும்" என்பது சரி. தென்புளோரிடாவில் முட்டையிடும் காலம் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நீளும், தண்ணீர் 62 முதல் 70 டிகிரி பாரன்ஹீட்டில் இருக்கும்போது பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி அலை அலையாகக் கரைக்கு ஏறும். பிப்ரவரி நல்ல மாதம் என்பது இதனால்தான். முகப்பு தாண்டும்போது வடமேற்குக் காற்று அடிக்கும், மறுநாள் மேகமே இல்லாத நீல வானம் வரும், மூன்றடித் தண்ணீர் ஒரே இரவில் பல டிகிரி இறங்கிவிடும். வட மாநிலத்து பாஸ் இதைத் தாங்கும். புளோரிடா பாஸ் வெப்பத்துக்குப் பழகிய தனி இனம், அது வாயை மூடிக்கொண்டு அடர்ந்த செடிமெத்தைக்கு அடியில் போய்ப் படுத்துவிடும். மெத்தை சூட்டைப் பிடித்து வைக்கும். முகப்பு வருவதற்கு முந்தின நாள், தெற்குக் காற்றும் மேகமுமாக இருக்கும்போது, வெறிபிடித்த மாதிரி கடிக்கும். தேதி மாற்ற இடமிருந்தால் அந்த நாளைப் பிடியுங்கள். முகப்பு தாண்டிய காலையில்தான் போயாக வேண்டும் என்றால் விடியலில் கிளம்ப வேண்டாம், பத்து மணிக்கு ஆரம்பிக்கலாமா என்று கைடிடம் கேளுங்கள். வெயில் ஏறித் தண்ணீர் இரண்டு டிகிரி சூடானால் போதும், நிலைமை மாறும்.

லூருக்கு ஒரே ஒரு ஆயுதம் என்றால் வால் துடிக்கும் ரப்பர் புழு, ஆறு அங்குலம், ஜூன்பக் நிறம். கரும் ஊதாவில் பச்சைப் பொடி மின்னும் அந்த நிறம் இந்த ஏரியின் தேநீர் நிறத் தண்ணீரில் நன்றாகத் தெரியும். 4/0 வளைமுள், புழுவின் தலையில் கால் அவுன்ஸ் டங்ஸ்டன் குண்டு, 40 பவுண்டு பிரெய்டு. முள் நுனியைப் புழுவின் உடலுக்குள் புதைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கட்டு புல் வரும். கோரைத் தண்டுகளுக்கு இடையே வீசி, நிறுத்தாமல், புல்நுனியை உரசும் வேகத்தில் சுற்றுங்கள். கடி என்பது இடி மாதிரி இருக்காது, புழு திடீரென்று கனமாகும், அவ்வளவுதான். உடனே இழுக்காமல் இரண்டு சுற்று சுற்றிவிட்டு இழுங்கள். தண்ணீர் குளிர்ந்திருந்தால் இது ஓடாது. அப்போது ஐந்து அங்குல ரப்பர் குச்சிப்புழுவை எடையே இல்லாமல் போட்டு, தானாக அமிழவிட்டு, நரம்பை மட்டும் பாருங்கள்.

ரப்பர் தவளையும் கொண்டு வாருங்கள், ஆனால் பிப்ரவரியில் அதை நம்பி இருக்காதீர்கள்.

கனமான குண்டு கட்டிய லூரைச் செடிமெத்தையைத் துளைத்து இறக்குவது உங்களுக்கு வேண்டாம். ஒன்று, ஒன்றரை அவுன்ஸ் குண்டு, எட்டடி ராடு, 65 பவுண்டு நரம்பு. பழகாத தோள் ஒரு மணி நேரத்தில் விட்டுப்போகும். கைடு செய்து காட்டினால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொசு மருந்தில் டீட் இருந்தால் தடவிய கையோடு ரப்பர் புழுவைத் தொடாதீர்கள். பிளாஸ்டிக்கைக் கரைக்கும், கண்ணாடிச் சட்டத்தையும் சேர்த்து.

கோரைக்கரை:

குழம்பு விஷயம். சட்டப்படி ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து பாஸ், அதில் ஒன்று மட்டுமே 16 அங்குலமோ அதற்கு மேலோ இருக்கலாம். 2016 ஜூலையிலிருந்து இதுதான் விதி. ஆக, எடுத்துக்கொள்ள உரிமை உண்டு. ஆனாலும் வேண்டாம் என்றுதான் அம்மாவிடம் சொல்வேன். பிப்ரவரியில் கிடைக்கும் பெரியது எல்லாம் முட்டை சுமக்கும் பெண் மீன். புளோரிடா நன்னீர் மீன்களில் பாதரசம் பற்றிய சுகாதாரத் துறை அறிவுரையும் இருக்கிறது. பெரிய பாஸில் அது அதிகம், சிறுவர்கள் சாப்பிடுவதில் கவனம் வேண்டும். பெரும்பாலான கைடுகள் பாஸை விட்டுவிடுவார்கள், நாளின் தொடக்கத்திலேயே கேட்டுவிட்டால் முகச்சுளிப்பு இருக்காது. சாப்பிட மீன் வேண்டுமென்றால் கிராப்பி, புளூகில் என்னும் சிறு நன்னீர் மீன்கள்தான். இவ்வூரில் கிராப்பியை "ஸ்பெக்" என்பார்கள். பிப்ரவரி அதற்கும் பருவம், வெள்ளைச் சதை, மிளகாய்த்தூள் தடவிப் பொரித்தால் அருமையாக இருக்கும். இன்னொரு காலை அதற்கென்றே தனியாகப் போகலாம்.

முதலைகள் உண்டு. பிடித்த மீனைக் கயிற்றில் கோத்துப் படகோரம் தொங்கவிடாதீர்கள், கையைத் தண்ணீரில் அளையவிட்டு உட்காராதீர்கள். முதலைக்குத் தீனி போடுவது புளோரிடாவில் குற்றம், செத்த ஷைனரை எறிவதும் அதில் சேரும். பையனிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள், ஆசையாகத்தான் போடுவான்.

தக்கை:

மீனைப் பிடிக்கும் முறையையும் பையனுக்குச் சொல்லிக் கொடுங்கள். இரண்டு பவுண்டு வரை கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடித்து நேராகத் தொங்கவிடலாம். பெரியதைத் தாடையில் பிடித்தபடி கிடைமட்டமாகச் சாய்த்தால் முழு எடையும் தாடை மூட்டில் இறங்கும், மூட்டு பெயர்ந்தால் அந்த மீன் பிறகு இரை பிடிக்க முடியாமல் சாகும். இன்னொரு கையை நனைத்து வயிற்றுக்கு அடியில் கொடுங்கள். உலர்ந்த கையும் சூடான படகுத் தளமும் மேலிருக்கும் வழவழப்பை உரித்துவிடும். போட்டோவுக்கு கேமராவைத் தயார் செய்துவிட்டுத்தான் மீனைத் தூக்க வேண்டும்.

எட்டு பவுண்டுக்கு மேல் வந்தால் டிராபி கேட்ச் திட்டத்தில் பதியலாம், மாநில மீன், வனவிலங்கு ஆணையம் நடத்துவது. நிபந்தனை: மீன் முழுவதுமாகத் தராசில் தொங்க, எடை எண் படிக்கும்படி தெரிய ஒரு படம், மீனை உயிரோடு விட வேண்டும். 8 முதல் 9.9 பவுண்டு ஒரு பிரிவு, 10 முதல் 12.9 அடுத்தது, 13 பவுண்டும் மேலும் தலைப்பிரிவு. கைடிடம் எண் தெரியும் தராசு இருக்கிறதா என்று காலையிலேயே பார்த்துவிடுங்கள். மீன் வந்தபிறகு தேடினால் நேரமில்லை.

மயாமிக்கால்வாய்:

இதே திரியில் ஒரு கேள்வி. எங்களுக்குப் பள்ளி விடுமுறை ஜூலையில்தான். அப்போது ஓக்கிச்சோபி போனால் எப்படி?

ஈயக்குண்டு:

போகலாம், ஆனால் வேலை விடியலிலிருந்து ஒன்பதரை, பத்து மணி வரைதான். அதற்குப் பிறகு தண்ணீர் 90 டிகிரியைத் தொடும், பிற்பகலில் இடிமழை கிட்டத்தட்ட தினமும் வரும், தட்டையான ஏரியில் உயரமான பொருள் நீங்கள் பிடித்திருக்கும் ராடுதான். முதல் இடிச்சத்தத்துக்கே கரையேறுங்கள். கோடையில் நீலப்பச்சைப் பாசியும் படரும், 2018-இல் ஏரியின் பெரும்பகுதியை மூடியது. பச்சை பெயின்ட் ஊற்றிய மாதிரி தண்ணீர் தெரிந்தால் அந்தப் பக்கம் வேண்டாம், கை நனைந்தால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

ஜூலை என்றால் நான் மயாமி சுற்றுவட்டாரக் கால்வாய்களில் மயில்பாஸ் பிடிக்கும் கைடைப் பார்க்கச் சொல்வேன். 1984-இல் மாநிலமே தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன். தண்ணீர் 60 டிகிரிக்குக் கீழே போனால் செத்துவிடும், அதனால் வெயில் அதற்கு வரம். உச்சிவேளையிலும் கடிக்கும், உங்கள் விடுமுறைக்குத் தோதான நேரம் அதுதான். மூன்று அங்குலச் சிறு ஷைனரோ, ஆரஞ்சும் பச்சையும் கலந்த சின்னக் குச்சி லூரோ போதும், 15 பவுண்டு பிரெய்டு, நடுத்தர ஸ்பின்னிங் ராடு. பாலத்தடி நிழல், கால்வாய் முட்டும் மூலை, இரண்டு கால்வாய் சேரும் இடம், இவற்றை முதலில் பாருங்கள். ஒருவருக்கு இரண்டு மீன், 17 அங்குலமோ அதற்கு மேலோ இருப்பது ஒன்றுதான். அங்கேயும் அதே நன்னீர் லைசன்ஸ்.